ஓசுமா என்ற மரியாதைச் சொல்

தையல்காரிக்குத் தெரு வைத்த பெயர் கத்திரி. துணியைவிட ஆளை வெட்டுவதில் அவளுக்குக் கை சுத்தம். அவள் வீட்டு மொழியைப் பேச இன்று பதினோரு பேர்தான் மிச்சம். அதிலும் நாலு பேருக்குள் பேச்சுவார்த்தை கிடையாது.

பல வருடம் முன்பு ஒரு பேராசிரியர் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்தார். கத்திரியின் அம்மாவைத் தையல் மிஷின் பக்கத்தில் உட்காரவைத்து, இரண்டு வருடம் வார்த்தை வார்த்தையாய்க் கறந்தார். அகராதி வந்தது. அட்டையில் அவர் பெயர். உள்ளே பொடி எழுத்தில், ‘தகவல் தந்த ஒரு மூதாட்டி.’

“நான் என்ன தந்தி ஆபீஸா, தகவல் தர்றதுக்கு?” என்றாள் அம்மா. அடுத்த மாதம் கண்ணை மூடிவிட்டாள். அவள் பெயர் அட்டையில் ஏறும்வரை அந்த மனுஷனை விடுவதில்லை என்று கத்திரி மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

இரண்டாம் பதிப்புக்காக, அந்த மொழிக்காரர்களுக்கே பதிவு செய்யவும் எழுதவும் பயிற்சி என்று அறிவிப்பு வந்தது. கத்திரி முதல் ஆளாய்ப் போய் நின்றாள். மைக்கை எங்கே வைப்பது, ஒரு சொல்லை எத்தனை பேரிடம் கேட்டு உறுதி செய்வது, எல்லாம் பத்தே நாளில் பிடிபட்டது. பழைய அகராதியைச் சரிபார்க்கும் வேலையும் அவளுக்கே வந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு பிழைகளைத் திருத்தினாள். மொழி என்ன பாவம் செய்தது?

ஒன்றை மட்டும் தனியே எடுத்து வைத்தாள். ‘ஓசுமா: விடைபெறும்போது சொல்லும் மரியாதைச் சொல்.’ பேராசிரியர் தினமும் கருவியை மூடி எழுந்ததும் அம்மா பெருமூச்சோடு சொன்ன வார்த்தை அது. பொருள், ‘அப்பாடா, சனியன் தொலைந்தது.’

“சார், அட்டையில அம்மா பேரையும் போடுங்க.”

“அதெல்லாம் வழக்கம் இல்லம்மா. நன்றியுரையில ரெண்டு வரி சேர்த்துடலாம்.”

“ரெண்டு வரியா! தாராள மனசு சார் உங்களுக்கு.” ஓசுமாவுக்கு எதிரே ‘சரி’ என்று டிக் அடித்தாள்.

வெளியீட்டு விழாவில் பதினோரு பேரும் முன்வரிசை. முக்கால் மணி நேரம் பேசிய பேராசிரியர், கடைசியில் உருக்கமாய்க் கைகூப்பி, “ஓசுமா!” என்றார்.

“ஓசுமா!” என்றார்கள் பதினோரு பேரும், வயிறு குளிர. பேசிக்கொள்ளாத நாலு பேர் கட்டிக்கொண்டு சிரித்தார்கள். ஒரு பெரியவரின் பல்செட்டு மேடைவரை பறந்தது. மேஜையில் பல் பதிந்த தடம் இன்னும் இருக்கிறது, வந்தால் காட்டுகிறேன்.

பேராசிரியர் கத்திரியை ஓரமாய் அழைத்துப் போனார். “ஏம்மா சிரிக்கிறாங்க? அர்த்தம் வேறயா? நீதானே டிக் போட்ட?”

“நான் தகவல் தர்ற ஆளு சார். இனி அடுத்த பதிப்புலதான் தகவல்.”

“அர்த்தத்தைச் சொல்லும்மா!”

“அட்டையைக் காட்டுங்க, சொல்றேன்.”

மூன்றாம் பதிப்பின் அட்டையில் அம்மா பெயர் மேலே, அவர் பெயர் கீழே. உள்ளே ஓசுமாவுக்குச் சரியான பொருள். கூடவே, அகராதி முறைப்படி, கத்திரி எழுதிய எடுத்துக்காட்டு வாக்கியம்: ‘பேராசிரியர் கிளம்பிவிட்டார், ஓசுமா!’