கொல்லைப்புறத்தில் ஒரு கால்வாய்

மதுரையில் வக்கீலாக இருந்தவள் நான். இப்போது நியூசிலாந்தில், ஆக்லாந்தின் த்ரீ கிங்ஸ் பக்கம் ஒரு கடையில் பில் போடுகிறேன். இங்கேயும் கோர்ட் படி ஏறிவிட வேண்டும் என்ற அரிப்பில் ஆன்லைனில் சட்ட வரலாறு படிக்கத் தொடங்கினேன். முதல் பாடமே அமெரிக்கக் கால்வாய்கள்.

சிரிக்காதீர்கள். ரயில் வருவதற்கு முன்பு அங்கே ஊர் ஊராகக் கால்வாய் வெட்டினார்கள். வெட்ட வெட்டத்தான் கேள்விகள் கிளம்பின. ஒருவருடைய நிலத்தை அரசு எடுக்கலாமா? கரை உடைந்து வயல் மூழ்கினால் யார் பொறுப்பு? பழைய சட்டம் கைவிட்ட இடங்களில் நீதிபதிகள் புதிதாகச் சட்டம் செய்தார்கள். பலருக்கு நன்மை என்றால் எடுக்கலாம், நஷ்ட ஈடு தர வேண்டும் என்றார்கள். ஆனால் கால்வாயால் நிலத்துக்காரருக்கு வரும் லாபத்தை அந்த ஈட்டில் கழித்துக்கொள்வார்களாம். படிக்கும்போதே எனக்கு வயிறு எரிந்தது.

காரணம், லின்ஃபீல்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஓடையைக் கால்வாயாக அகலப்படுத்தப் போகிறார்கள். கொல்லையில் பாதி போய்விடும். அந்தப் பாதியில்தான் மதுரையில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு ஓர் அறை கட்டுவதாக இருந்தோம். போன் பேசும்போதெல்லாம் விசா எப்போது என்று கேட்பாள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கடையில் ஒரே பால் பாட்டிலை இரண்டு தடவை ஸ்கேன் செய்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

எங்கள் ஆட்சேபத்தைக் கேட்க நகரசபை அதிகாரி வந்த அன்று காலையிலிருந்தே மழை. என் கணவர் காபி கொடுத்தார். அதோடு விட்டாரா? வீட்டுக்கு யார் வந்தாலும் சுற்றிக்காட்டியே தீர வேண்டும் அவருக்கு. பூஜை அறை, புதுச் சமையலறை, மாடி எல்லாம் காட்டிவிட்டு, கால்வாய் வந்தால் தண்ணீரே தேங்காது, வீட்டு விலையும் எகிறிவிடும் என்று ஆங்கிலத்தில் பெருமையடித்தார். அதிகாரி அந்த லாபத்தைக் குறித்துக்கொண்டார். நான் கணவரின் காலை மிதித்தேன்.

"ஏன் மிதிக்கிற?" என்றார் சத்தமாக.

எனக்கு ஆட்சேபம் உண்டு என்று நான் வாயெடுக்கவும் வாசல் மணி அடித்தது. பள்ளத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா, நனைந்த தலையோடு நின்றார். கையில் பாஸ்போர்ட்டும் கல்யாண ஆல்பமும் வைத்த பிளாஸ்டிக் பெட்டி. ஒருமுறை அவர் வீட்டுக்குள் இடுப்பளவு வெள்ளம் புகுந்தது. அதிலிருந்து மழை வலுத்தாலே பெட்டியை எங்கள் மாடியில் கொண்டுவந்து வைத்துவிடுவார்.

"தங்கச்சி, இண்டைக்கும் தண்ணி ஏறுது," என்றவர் அதிகாரியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "கால்வாய்க்கு வந்தவரோ? நீங்கள் சட்டம் படிச்சனீங்கள், வடிவாக் கதையுங்கோ. எப்ப வெட்டத் தொடங்குவினம் எண்டு கேளுங்கோ."

பெட்டியை வாங்கிக்கொண்டேன். இவர்மேல் கோபப்படக்கூட முடியவில்லையே என்று கோபமாக வந்தது. அதிகாரியிடம் திரும்பி, ஆட்சேபம் இல்லை, எப்போது தொடங்குவீர்கள் என்று கேட்டேன்.

சாயங்காலம் அம்மாவை அழைத்து அக்கா வீட்டு வெள்ளம், கால்வாய், பலருக்கு நன்மை என்று பாடம் ஒப்பித்தேன்.

"பாவம், அந்தப் பொண்ணு எத்தன தடவதான் நனையும்? குடுத்துரு," என்றாள். எனக்கு மூச்சு வந்தது. பிறகு, "அப்ப நான் அங்க வந்தா எங்கடி இருப்பேன்?" என்றாள்.

"பாக்கலாம்மா" என்று வாய்தா வாங்கினேன். விசா எப்போது என்று அம்மா அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.