ஜெசிந்தா அக்கா ஜன்னலைச் சாத்திய வாரம்

காம்பாரில் ஒரு கல்யாண வீட்டில் இலை போட்டுப் பரிமாறத் தொடங்கியிருந்த நேரத்தில் முனியாண்டி அழைத்தார். எங்கள் தொழிற்சாலையின் இயந்திரப் பிரிவுக்குத் தலைவர் அவர். ஞாயிற்றுக்கிழமையில் யாரையும் தொந்தரவு செய்யாத மனிதர். "ஜெசிந்தா அக்கா போயிட்டாங்க அண்ணே" என்றார். ஈப்போவில் சிலிபின் பகுதியில் உள்ள தன் வீட்டில், காலையில் மகளிடம் காப்பி கேட்டுவிட்டு, அது வருவதற்குள் கண்ணை மூடிவிட்டாராம். சாப்பிடாமல் எழுந்து காடியைக் கிளப்பி ரோட்டில் விட்டேன். ஈப்போ வந்து சேரும்வரை எனக்கு அழுகை வரவில்லை, சிரிப்புதான் வந்துகொண்டிருந்தது. அக்காவோடு வேலை செய்து, இன்று அவர் நினைவாகக் கூடியிருக்கும் உங்களுக்கு அது ஏன் என்று தெரியும்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கம்பெனி ஒரே கூரையின் கீழ் மூன்று தொழில் செய்கிறது. ராணுவத்துக்குக் கவச வண்டி கட்டித் தரும் பாதுகாப்புப் பிரிவு என்னுடையது. செம்பனை எண்ணெய் ஆலைகளுக்குப் பம்பும் வால்வும் செய்து கொடுப்பது முனியாண்டியின் பிரிவு. இரண்டுக்கும் நடுவில் ரப்பர் பிரிவு. கதவு சீல், வாஷர், குழாய் என்று ரப்பரில் எது கேட்டாலும் வார்த்துக் கொடுப்பார்கள். அந்தப் பிரிவை வெகுகாலம் கட்டி ஆண்டவர் ஜெசிந்தா அக்கா. வேதியியல் படித்தவர். குரல் பெரியது, கோபம் அதைவிடப் பெரியது. கதவு சாத்திய கூட்ட அறையில் அவர் பேசினால் வெளியே ரப்பர் வார்க்கும் பிரஸ் ஓட்டுகிறவர்களுக்குக் கேட்கும்.

ரப்பர் கொட்டகையின் இரண்டு பக்கச் சுவரிலும், எங்கள் இரண்டு பிரிவையும் பார்த்த மாதிரி, ஒவ்வொரு ஜன்னல் இருந்தது. எங்களுக்கு ஏதாவது வேண்டுமென்றால் ஆர்டர் எழுதுவதெல்லாம் கிடையாது. ஜன்னலில் தலையை நீட்டிக் கேட்போம், எடுத்துக் கொடுப்பார்கள். எங்களில் பாதிப் பேர் ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். லயத்து வரிசை வீடுகளில் பக்கத்து வீட்டுக்குக் குழம்புக் கிண்ணம் போகிற பழக்கம் கம்பெனிக்குள்ளும் வந்து உட்கார்ந்துவிட்டது. ஆயுத பூஜையன்று பொங்கலும் அதே ஜன்னல் வழியாகத்தான் போகும். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற அக்காதான் முதல் ஆளாக நின்று வாங்குவார். சர்க்கரை பத்தவில்லை என்று என்னைத் திட்டிக்கொண்டே சாப்பிடுவார்.

அந்தப் பழக்கமே வினையாக வந்தது. ஜன்னல் வழியாகப் போனதெல்லாம் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. ஆகவே கோலாலம்பூர் தலைமையகம் பார்த்தபோது, என் பிரிவும் முனியாண்டியின் பிரிவும் கொழுத்துத் தெரிந்தன, ரப்பர் பிரிவு எலும்பும் தோலுமாகத் தெரிந்தது. நிதி அதிகாரி ஒருவர் வந்து, அடுத்த மாதம் முதல் ஒவ்வொரு பிரிவும் தன் காலில் நிற்க வேண்டும், உள்ளுக்குள் வாங்குவதற்கும் ஆர்டரும் தலைமையக ஒப்புதலும் சந்தை விலையும் வேண்டும் என்று சுற்றறிக்கை கொடுத்தார். அப்படியும் ரப்பர் பிரிவு தேறாவிட்டால் விற்றுவிடுவார்களாம். அங்கே பிரஸ் ஓட்டியவர்களில் பெரும்பாலோர் மூடிப்போன தோட்டங்களிலிருந்து வந்த பெண்கள். அந்த வயதில் அவர்களுக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்?

ஆறுதல் சொல்லலாம் என்று அன்று சாயங்காலம் அக்காவின் அறைக்குப் போனேன். அவருக்கு ஆறுதல் தேவைப்படவில்லை. சுங்கை சிப்புட் பக்கம் அவர் பிறந்த தோட்டத்தைத் துண்டாடல் காலத்தில் கூறுபோட்டு விற்ற கதையைச் சொன்னார். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு முதலாளி வந்தானாம், ஆட்களை மட்டும் எவனும் ஏற்றுக்கொள்ளவில்லையாம்.

"அப்ப நான் சின்னப் புள்ள தம்பி. எதுத்துக் கேக்க வயசு இல்ல. இப்ப இருக்குலா" என்றார்.

புது மாதம் பிறந்த திங்கட்கிழமை, இரண்டு ஜன்னலிலும் பூட்டுத் தொங்கியது.

இழுத்துப் பார்த்தேன், திறக்கவில்லை. அந்த வார இறுதியில் ராணுவ அதிகாரிகள் முன்னால் தண்ணீர்ச் சோதனை. கவச வண்டியைக் குளத்தில் கழுத்தளவு இறக்கி ஏற்ற வேண்டும், உள்ளே ஒரு சொட்டு வரக்கூடாது. அதற்குக் கதவு சீல் எல்லாம் புதிதாக மாட்டியாக வேண்டும். முன்வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு போய் அக்காவிடம் கெஞ்சினேன். அவர் என்னை உட்காரவைத்து, காப்பி கொடுத்து, அதுவரை நான் கேட்டிராத தேன் குரலில் விளக்கினார். ஆர்டர் போட வேண்டும், கோலாலம்பூர் ஒப்புதல் வேண்டும், அதுவும் வெளி வாடிக்கையாளருக்கு வார்த்துக் கொடுத்த பிறகுதான் என் முறை வரும்.

"சுசாலா தம்பி, ரொம்பக் கஷ்டம். அவங்க சட்டம்ல. நான் என்ன பண்றது?"

பினாங்கு வரைக்கும் விசாரித்தேன். வெளியே வாங்கினால் பல வாரம் ஆகும் என்றார்கள். முனியாண்டியின் பக்கம் வாஷர் இல்லாமல் பம்புகள் வரிசையாக நின்றன. செம்பனை ஆலைக்காரர் அனுப்பிய லாரி வெறுமனே கேட்டில் கிடந்தது. என் ஆர்டருக்கு ஒப்புதல் மட்டும் வரவில்லை. கையெழுத்துப் போட வேண்டிய நிதி அதிகாரி சோதனையை நேரில் பார்க்க ஈப்போவுக்கே கிளம்பிவிட்டிருந்தார்.

வந்தவர் குளக்கரையில் சீல் இல்லாமல் நின்ற வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். அக்காவைக் கூப்பிட்டு, ரப்பர் பிரிவு ஏன் இப்படிக் காலை வாரிவிட்டது என்று கேட்டார்.

அக்கா நிதானமாகத்தான் பேசினார். "எங்க பிரிவு நீங்க சொன்னபடி தனியா நிக்குது சார். விழுந்தது இவங்க ரெண்டு பேரும். நாங்க சம்பாதிக்கலன்னு சொன்னீங்க. யாருக்குக் கொடுத்துட்டுச் சம்பாதிக்காம நிக்கிறோம்னு ஒரு தடவ கேட்டீங்களா?"

அந்த மனிதரைக் குறை சொல்ல மாட்டேன். அங்கேயே, என் காடியின் மேல் வைத்தே ஆர்டரில் கையெழுத்துப் போட்டார். அடுத்த நிமிடம் ரப்பர் கொட்டகையிலிருந்து தள்ளுவண்டி வந்தது. சீல் எல்லாவற்றையும் முந்தின நாளே வார்த்துத் துடைத்து வைத்திருந்தார் அந்த மகராசி. மாட்டினோம், வண்டி இறங்கியது, கழுத்தளவு மூழ்கி மறுகரை ஏறியது. ராணுவ அதிகாரி உள்ளே குனிந்து தரையைத் தடவினார், காய்ந்த விரலைத் தூக்கிக் காட்டினார். குளத்தைச் சுற்றி நின்ற ரப்பர் பிரிவுப் பெண்கள் போட்ட விசில் சத்தத்தில் என் காது அடைத்துவிட்டது. அக்கா என் பக்கத்தில் வந்து, "பயந்துட்டியா தம்பி?" என்றார். செத்தே போயிட்டேன் அக்கா என்றேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

உள்ளுக்குள் கொடுப்பதும் அந்த மாதத்திலிருந்து கணக்கில் ஏறியது. ரப்பர் பிரிவு கொழுத்தது, என் பிரிவு கொஞ்சம் இளைத்தது. விற்கும் பேச்சை அதன் பிறகு யாரும் எடுக்கவில்லை. அந்தப் பெண்கள் எல்லோரும் அங்கேயே வேலை பார்த்து, வயதாகித்தான் ஓய்வு பெற்றார்கள். அடக்கத்துக்கு அவர்கள்தான் முதலில் வந்து நின்றார்கள். பெட்டியைத் தூக்க மூன்று பிரிவு ஆட்களும் முண்டியடித்ததில் பாதிரியார் அதட்ட வேண்டியதாயிற்று.

அக்காவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்த ஒரு கேள்வியைத்தான். போன மாதம் தலைமையகக் கூட்டத்தில், முனியாண்டியின் பிரிவு இனித் தேவையா என்று யாரோ ஆரம்பித்தார்கள். அந்தப் பிரிவு யாருக்குக் கொடுத்துவிட்டு இப்படி நிற்கிறது என்று நான் எழுந்து கேட்டேன். என் குரல் வெளியே வராண்டா வரைக்கும் கேட்டதாம். பேச்சை அத்தோடு விட்டுவிட்டார்கள். சிலிபினுக்கு நேரில் போய் இதைச் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன், அதற்குள் போய்விட்டார். ஆகவே உங்கள் எல்லோர் முன்னாலும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அக்கா, மூணு பிரிவும் இருக்கு. எதையும் விக்க விடல.