மோடத்தில் குத்திய ஈர்க்குச்சி

ஊரில் காப்புக் கட்டிவிட்டால் அம்மன் பண்டிகை முடிகிறவரை யாரும் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. பாப்பாரப்பட்டியைத் தாண்டி இருக்கும் எங்கள் ஊரில் இதை மீறியவர்கள் யாரும் இல்லை. மீறினால் என்ன ஆகும் என்று கேட்டால் சொல்லவும் யாருக்கும் தெரியாது. பெங்களூர் கம்பெனி ஒன்று என்னை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டது சரியாக அந்த வாரத்தில்தான். முதல் நாளே போய்த் தங்கினால்தான் காலையில் போய்ச் சேர முடியும். ஊரில் பண்டிகை, வர முடியாது என்று எழுதிப் போட்டேன். அவர்களும் பெரிய மனது பண்ணி, லேப்டாப்பிலேயே பேசிவிடலாம் என்றார்கள்.

வீட்டில் நான் இதைச் சொல்லவில்லை. ஆபீஸ் மீட்டிங் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். கொரோனா சமயத்தில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்தவள் நான். அதன் பிறகு கம்பெனி வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லிவிட்டது. வீடும் என்னைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. கல்யாணம் ஆனால் எங்கே வேண்டுமானாலும் போ என்பது அம்மாவின் தீர்ப்பு. சம்பளம் வருகிறது, வேளா வேளைக்குச் சோறு வருகிறது, உனக்கென்ன குறை என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். எனக்கு மூச்சு முட்டியது, அதுதான் குறை. எழுந்த கட்டிலிலேயே உட்கார்ந்து வேலை பார்த்து, அதே கட்டிலில் படுத்துத் தூங்கினேன். புதிய கம்பெனியில் தினமும் ஆபீசுக்கு வந்தே ஆக வேண்டும் என்று கண்டிஷன். அந்தக் கண்டிஷனுக்காகவே அந்த வேலைக்கு மனுப் போட்டேன்.

மதியம் இன்டர்வியூ. காலையில் லேப்டாப்பைத் திறந்தால் வைஃபை லிஸ்டில் எங்கள் வீட்டுப் பெயரைக் காணோம். அந்த இடத்தில் எழுத்தும் எண்ணும் கலந்த, வாய்க்குள் நுழையாத ஏதோ ஒரு பெயர், பக்கத்தில் பூட்டுப் படம். எங்கள் தெருவில் வேறு யாருக்கும் நெட் கிடையாது. பழைய பாஸ்வேர்டைப் போட்டேன், தப்பு என்றது. வைஃபையை அணைத்துப் போட்டேன், லேப்டாப்பையே அணைத்துப் போட்டேன். எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் தீர்ந்துபோனது. செல்போனில் ஓட்டலாம் என்றால் வீட்டுக்குள் டவர் ஒரு கோடுதான். பேசக் கேட்கும், படம் நகராது. கம்ப்யூட்டர் படித்து என்ன பிரயோஜனம் என்று அம்மா அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போகும்போதெல்லாம் ஒரு வார்த்தை போட்டுவிட்டுப் போனாள்.

அப்புறம்தான் ஹாலுக்குப் போய் மோடத்தைப் பார்த்தேன். பளபளவென்று இருந்தது. முகப்பில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தது. பண்டிகைக்கு வெள்ளையடித்து வீட்டைக் கழுவிவிட்டதில் அதற்கும் குளியல் நடந்திருக்கிறது.

நெட் கனெக்ஷன் கொடுத்தவர் உள்ளூர்க்காரர்தான். போன் பண்ணினால், தீ மிதிக்கக் காப்புக் கட்டியிருப்பதாகச் சொன்னார். காப்புக் கட்டினவர்கள் கோயிலிலேயே படுத்துக்கொள்வார்கள், யார் வீட்டுக்குள்ளும் காலெடுத்து வைக்கமாட்டார்கள். நான் கெஞ்சியதில் மஞ்சள் வேட்டியோடு வந்து தெருவில் நின்றார். போன வாரம்வரை நெட் வரவில்லை என்று அவரை வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருந்த அப்பா, "வாங்க சாமி" என்று கைகூப்பினார்.

ஜன்னல் வழியாகத்தான் வைத்தியம். எந்த லைட் எரிகிறது, எது எரியவில்லை என்று அவர் கேட்கக் கேட்க நான் மோடத்துக்கும் ஜன்னலுக்கும் ஓடிக்கொண்டிருந்தேன். பின்னால் ஊசி நுழைகிற மாதிரி ஓர் ஓட்டை இருக்குமே, அதில் யாராவது எதையாவது விட்டீர்களா என்று கேட்டார். அம்மா அடுப்படியிலிருந்து பெருமையாகவே பதில் சொன்னாள்.

"அதுல ஒரே அழுக்குங்க சாமி. ஈர்க்குச்சிய உட்டு நல்லா நோண்டி எடுத்தேன்."

சாமி தலையில் கை வைத்துக்கொண்டார். லைட் எரியும்போது அந்த ஓட்டைக்குள் அழுத்திப் பிடித்தால் மோடம் எல்லாவற்றையும் மறந்துவிட்டு, கடையிலிருந்து வந்த நாளுக்குத் திரும்பிவிடும். பழைய பெயரும் பாஸ்வேர்டும் போய்விடும், அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருப்பதுதான் செல்லும். அந்த ஸ்டிக்கரையும் அம்மா தேங்காய் நார் போட்டுத் தேய்த்திருந்தாள். பாதி எழுத்து வெளுத்துக் கிடந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. இந்த வீட்டில் எல்லாவற்றையும் துடைத்துத் துடைத்து வைப்பார்கள், என்னையும் சேர்த்து என்று கத்தினேன். அம்மாவுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று புரியவில்லை.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு மோடத்தை வெயிலில் சாய்த்துப் பிடித்து, ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். எட்டா பி-யா என்று சந்தேகம் வந்த இடத்தில் இரண்டையும் போட்டுப் பார்த்தோம். ஒரு வழியாக லேப்டாப் வைஃபையில் சேர்ந்தது. லேப்டாப்பைத் தெருவுக்குக் கொண்டுபோய் பைக் சீட்டின் மேல் வைத்ததும் நெட்டுக்கான மிச்ச செட்டிங்கைச் சாமி தட்டிப் போட்டார். நெட் வந்தது. வந்த வேகத்திலேயே போனது. துடைப்பதற்காக இழுத்ததில், மோடத்தில் சொருகும் கரண்ட் வயரின் பின் ஆட்டம் கண்டிருந்தது, ஒரு பக்கமாகச் சாய்த்து அழுத்தினால்தான் லைட் எரிந்தது. கோயிலில் பம்பைச் சத்தம் கேட்டதும் சாமி, பண்டிகை முடிந்து வேறு வயர் தருவதாகச் சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

தீக்குச்சியைச் சொருகிப் பார்த்தேன், ரப்பர் பேண்ட் சுற்றிப் பார்த்தேன். நிற்கவில்லை.

"நீ போயி உக்காரு கண்ணு. நான் புடிச்சுக்கறேன்" என்றார் அப்பா.

என் அறை ஜன்னலுக்கு நேரே மைக் செட் குழாயைக் கட்டியிருந்தார்கள். அதனால் ஹாலைத் தவிர வேறு இடமில்லை. அப்பா டிவி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கட்டை விரலால் பின்னை அழுத்திக்கொண்டார். கேமராவில் அவர் விழவில்லை. நான் இங்கிலீஷில், முடிந்தவரை அடிக்குரலில் பேசினேன். ஆனால் பெங்களூர் எந்த மொழியிலும் பெங்களூர்தான். அந்தச் சொல் முதல் முறை வந்தபோதே அப்பாவின் தலை நிமிர்ந்ததைப் பார்த்தேன். எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. நானும் நகர முடியாது, அவரும் நகர முடியாது.

கம்பெனி தரப்பில் கடைசியாகப் பேசிய மேடத்துக்கு ஓசூர்ப் பக்கமாம். என் பயோடேட்டாவில் தருமபுரி என்று பார்த்ததும் தமிழுக்கு வந்துவிட்டார்.

"வீட்ல விடுவாங்களாம்மா? போன தடவ ஒரு பொண்ணு செலக்ட் ஆயிட்டு, அப்பா வேணாம்னுட்டாருன்னு வரவே இல்ல."

அம்மா மாவிளக்கு மாவு இடித்த கையோடு அடுப்படி வாசலுக்கு வந்து நின்றாள். அப்பா என்னைப் பார்க்கவில்லை, மோடத்தின் லைட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். விரலைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும், எல்லாம் அதோடு முடிந்துவிடும். நெட் போய்விட்டது என்று நானும் நம்பியிருப்பேன்.

"விடுவாங்க மேடம். பேசிட்டேன்" என்றேன்.

லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. அவர்கள் நன்றி சொல்லி, நான் நன்றி சொல்லி, திரை மூடியது. போதும்பா என்றேன். நான் லேப்டாப்பை மூடும்வரை அப்பா கையை எடுக்கவில்லை. எடுத்தபோது கட்டை விரலில் பின் பதிந்து சிவந்திருந்தது. என்னடி பேசிட்டே நீ என்று அம்மா ஆரம்பித்தாள். அப்பா அவளைச் சும்மா இருக்கச் சொன்னார். மரத்துப்போன கையை உதறிக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"தங்கறதுக்கு எடம் அவங்களே குடுப்பாங்களா, நாம பாக்கணுமா?"

அவர் வேண்டாம் என்று சொன்னால் என்னென்ன பதில் சொல்வது என்று எத்தனையோ நாளாக மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன். அவர் கத்தியிருந்தால், பண்டிகை முடிந்த மறுநாளே பெட்டியைக் கட்டியிருப்பேன். தங்க இடம் பார்க்கட்டுமா என்று கேட்கிறவரை விட்டுவிட்டு எப்படிக் கிளம்புவது? எங்கே அந்த வேலை கிடைத்துவிடுமோ என்று அப்போதுதான் முதல் முறையாகப் பயந்தேன்.