மாமாவின் ஸ்போர்ட்ஸ் காருக்கு நான் சொன்ன ஆலோசனை

திண்டுக்கல் வட்டாரப் பொதுமக்களுக்கு அறிவிப்பு: இன்று முதல் நான் கார் நிபுணர். செம்பட்டியிலிருந்து வந்த பேருந்தில் பதவியேற்பு நடந்தது.

ஷார்ஜாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் மாமா அங்கே செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறார். இரண்டே கதவு. இரண்டு கம்பெனிகள் சேர்ந்து ஒரே வண்டியைச் செய்து, ஆளுக்கொரு பெயரில் விற்கிறார்கள். வியாபாரியிடம் இரண்டும் இருக்கின்றன. எது வேண்டும் என்று மாமா இன்றைக்குள் சொல்லியாக வேண்டும்.

பக்கத்து சீட்டிலிருந்து மாமா போனில் அடுத்தடுத்து இரண்டு படங்களைக் காட்டினார்.

"இது சாது மாமா, ரோட்டைப் பிடிச்சுக்கிட்டுப் போகும். அது சண்டியர், வளைவுல வாலை ஆட்டும். மூஞ்சியப் பாத்தாலே தெரியலையா?" என்றேன். முன்சீட்டு அண்ணன் திரும்பிப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டினார்.

"ஏலே அப்பு, ரெண்டு படத்துலயும் இருக்குறது ஒரே வண்டிதான்" என்றார் மாமா. "கழுவுறதுக்கு முன்ன ஒண்ணு, பின்ன ஒண்ணு."

நான் ஜன்னல் வழியே தென்னந்தோப்பை ஆராயத் தொடங்கினேன்.

மாமா சிரிக்கவில்லை. "எனக்கும் ஒண்ணும் புரியல மாப்ள. இம்புட்டு வருசமா கம்பெனி வேன் பின்சீட்டுலயே போயிட்டேன். மொத மொத எனக்குன்னு ஒண்ணு எடுக்குறேன், தப்பா எடுத்துறக் கூடாதுல்ல. நீதான் இதெல்லாம் பாக்குறவன், சொல்லு" என்று மற்ற கம்பெனி வண்டியின் படத்தை நீட்டினார்.

நிறுத்தம் வருவதற்கு முன்பே எழுந்து நின்றுவிட்டேன்.

தெரிந்தவர்கள் சீக்கிரம் கமெண்ட்டில் சொல்லுங்கள், பாவம் மாமா. நான் இதுவரை ஓட்டிய ஒரே கார் போன் கேமில்தான். அதையும் சுவரில் மோதித்தான் நிறுத்துவேன்.