கியாஸ் என்றொரு சொல்

சென்ற வாரம் கல்கத்தா பாலிகஞ்சில் மருந்துக்கடைக்காரர் என் எதிரே ஒரு ரோஜாநிறப் புட்டியைக் குலுக்கித் திறந்தார். புதினாவும் சுண்ணாம்பும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும், நான் வாங்கப் போன கண் சொட்டு மருந்து மறந்துபோயிற்று. இந்நகரத்தின் தீர்த்தம் கங்கை நீர் அன்று, அமிலத்தை அடக்கும் இந்தப் பானமே என்று நெடுநாளாகச் சொல்லிவருகிறேன். வங்காள நண்பர்கள் ஒருவரும் சிரித்ததில்லை. ஆமோதித்திருக்கிறார்கள்.

தலைவலியா, கியாஸ். முழங்கால் பிடிப்பா, கியாஸ். மகன் கணக்குப் பாடத்தில் தோற்றானா, தகப்பனாருக்கு கியாஸ். வயிற்று வாயுவைக் குறிக்கும் 'கேஸ்' என்ற ஆங்கிலச் சொல் வங்காளிகள் வாயில் இப்படி ஆகி, எல்லா உபாதைகளையும் தானே ஏற்றுக்கொண்டுவிட்டது. இதை நான் அறிந்திருந்தேன் என்பதைப் பதிவுசெய்ய விரும்புகிறேன். அறிந்திருந்தும் என் கணினிக்கு அதைச் சொல்லவில்லை என்பதையும் நேர்மை கருதிச் சேர்த்துக்கொள்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் பவானிபூரில் ஒரு மருத்துவமனையில் மருத்துவ ஆராய்ச்சியாளனாக இருந்தேன். நோயாளி சொல்லும் குறைகளைத் தட்டச்சு செய்தால், நோய் இன்னதாக இருக்கலாம், அடுத்து இன்னது செய்யலாம் என்று மருத்துவருக்கு ஆலோசனை கூறும் கணினி நிரல் ஒன்றை உருவாக்கியிருந்தேன். கணினிக்காக அந்த அறை குளிரூட்டப்பட்டது. மே மாதத்தில் மருத்துவர்கள் அடிக்கடி அங்கே வந்து அமர்ந்தார்கள். கணினியைக் கலந்தாலோசிக்க வந்ததாக ஆண்டறிக்கையில் எழுதினேன்.

தட்டச்சு செய்தவர் சிஸ்டர் ராஜம். மூன்று தலைமுறையாகக் கல்கத்தாவில் வாழ்ந்த தமிழ்க் குடும்பம். வங்காளத்தில் சண்டையிடுவார், தமிழில் சமாதானமாவார். முதல் நாளே என் நிரலில் குறை கண்டார்.

"ஸார், இங்க யாரும் நெஞ்சு வலின்னு சொல்ல மாட்டாங்க. கியாஸ்னுதான் சொல்லுவாங்க. கையை எங்க வச்சிருக்காங்கன்னு பாக்கணும்."

கை என்பது தரவு ஆகாது என்று விளக்கினேன். தமிழில் போதிய கனம் வராது என்று ஆங்கிலத்தில் விளக்கினேன்.

"அப்ப உங்க மிஷினுக்குக் கண்ணு இல்லன்னு சொல்லுங்க" என்று அவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

பிறகு அந்த நிரலைச் சோதித்துப் பார்க்க ஒரு குழு வந்தது. அவர்கள் ஒப்புதல் அளித்தால் எல்லாப் புறநோயாளிப் பிரிவுகளுக்கும் என் நிரல் போகும். முதல் நோயாளி கரியாஹாட்டில் புடவைக்கடை வைத்திருந்த பெரியவர். என்ன தொந்தரவு என்று ராஜம் கேட்க, கியாஸ் என்றார். அவர் சொன்னதை ராஜம் அப்படியே தட்டினார். அஜீரணம், அமிலத்துக்கு மருந்து, ஒரு வாரம் கழித்து வரவும் என்று திரை பதிலளித்தது. குழுவினர் தலையசைத்தார்கள். அடுத்த ஆளை அழைக்கச் சொன்னேன்.

ராஜம் திரையைப் பார்க்கவேயில்லை. பெரியவரின் முஷ்டி நடுமார்பை அழுத்திக்கொண்டிருந்தது. அத்தனை குளிரிலும் அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"அடுத்த ஆள் இருக்கட்டும் ஸார். இவர் இருக்கணும்ல?"

சக்கர நாற்காலியை அவரே தள்ளிக்கொண்டு ஓடினார். மாரடைப்பு. பெரியவர் பிழைத்தார். வீடு திரும்பும் நாளில் ராஜத்துக்கு ஒரு பெட்டி சந்தேஷ் இனிப்பு கொடுத்தார். அதில் எனக்கும் ஒன்று கிடைத்தது.

அன்று சக்கர நாற்காலி வெளியேறியதும், குழுவிடம் நான் தடுமாறவில்லை. நிரல் துணை மட்டுமே செய்யும், முடிவு மனிதருடையது, சற்றுமுன் கண்டது அதற்கான சான்று என்றேன். கைதட்டினார்கள், ஒப்புதலும் அளித்தார்கள். அன்று மாலையே நிரலில் ஒரு கேள்வியைச் சேர்த்தேன்: நோயாளியின் கை எங்கே இருக்கிறது?

அதைப் பற்றிய கட்டுரை ஓர் ஆய்விதழில் வந்தது. அக்கேள்வி "ஆசிரியரின் நீண்டகாலக் கள அவதானிப்பில்" பிறந்தது என்று எழுதியிருந்தேன். நன்றியுரையில் குழுவினர் இருந்தனர். குளிர்சாதனம் பொருத்தியவர்களும் இருந்தனர். ராஜம் பக்கங்களை நிதானமாகப் புரட்டினார்.

"நல்லா வந்திருக்கு ஸார். நான் எந்தப் பக்கத்துல இருக்கேன்?"

பக்க வரம்பு பற்றி ஏதோ சொன்னேன். அவர் இதழை மூடி என்னிடம் நீட்டினார்.

"முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சே ஸார். கியாஸா?"

இரண்டாயிரங்களின் நடுவில் வேறொரு நிரல் வந்து என்னுடையதை அகற்றியது. ராஜம் ஓய்வுபெற்று மகளோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். எந்த ஊர் என்று மருத்துவமனையில் யாருக்கும் தெரியவில்லை. சென்ற ஆண்டு அக்கட்டுரைக்கு ஒரு வரித் திருத்தம் எழுதினேன்: கையைப் பற்றிய அவதானிப்பு சிஸ்டர் ராஜத்துடையது. அனுப்ப முனைந்தபோதுதான் அந்த ஆய்விதழ் நின்றுபோய்ப் பல ஆண்டுகள் ஆனது தெரிந்தது. திருத்தம் மட்டும், எழுத்துப் பிழை ஒன்றுமின்றி, என்னிடமே இருக்கிறது.