தீர்ந்துபோன முறுக்கு

நாங்கள் வசிக்கும் ஆக்லாந்தின் விமான நிலையத்தில் ஒரு ஆப்பிளைக்கூட மறைக்காமல் சோதனை அதிகாரியிடம் காட்டிவிடுவார் என் கணவர். அபராதம் என்றால் அவ்வளவு பயம். அவரை நம்பித்தான் நானும் மகளும் கென்யாவுக்குப் போனோம்.

காட்டுக்கு நடுவே சொகுசுக் கூடாரம். குளியல் தொட்டிகூட உண்டு, ஆனால் கதவுக்குப் பதில் ஜிப்தான். தின்பண்டம் எதையும் உள்ளே வைக்காதீர்கள், சமையலறையில் பூட்டி வைக்கிறோம் என்று விடுதிக்காரர் வந்தவுடனே சொன்னார்.

"உங்க பையில ஏதாவது இருக்கா?" என்று கணவரிடம் கேட்டேன்.

"முறுக்கெல்லாம் ஃபிளைட்லயே தீர்ந்துபோச்சு."

மறுநாள் காலை வழிகாட்டியோடு போய் யானை பார்த்துவிட்டுத் திரும்பினோம். ஐபேடை எடுக்க மகள் முன்னால் ஓடினாள். ஜிப் கிழிந்து கிடந்தது. கட்டில்மேல் நாய் உயரத்துக்கு ஒரு குரங்கு, என் முறுக்கு டப்பாவை அணைத்தபடி அவளைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. வழிகாட்டி அவளைச் சட்டென்று பின்னால் இழுத்தார். இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்!

"இங்க யாரு பையைத் திறந்து பார்க்கப் போறாங்கன்னு நினைச்சேன்" என்றார் இவர். 

இப்போதெல்லாம் ஊருக்குக் கிளம்பும் முன் அவர் பையை நானே கொட்டிப் பார்க்கிறேன்.

"என்மேல நம்பிக்கையே இல்லையா?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்.

"இல்லைங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஜிப்பைத் திறக்கிறேன்.