பார்ட் இன்னும் வரல

பழுது பார்க்கிறவர்கள் சொல்லும் பொய்களில் "பார்ட் இன்னும் வரல" என்பதைவிடச் சுலபமானது இல்லை. கேட்பவருக்கு எந்தப் பார்ட் என்று தெரியாது. எங்கிருந்து வர வேண்டும் என்றும் தெரியாது. அந்தப் பொய்யை நான் பல வாரங்கள் சொன்னேன்.

ரிசீவர் சுங்காயிலிருந்து வந்தது. அம்மாவுக்குப் பழக்கமான ஓர் அக்காவும் அவர் கணவரும் அங்கே தோட்டத்தில் வேலையில் இருந்தபோது, துரை பங்களாவைக் காலி செய்தவர்கள் வேண்டாமென்று அவர்களிடம் கொடுத்துவிட்டுப் போனது. ரேடியோவும் ஆம்பிளிஃபயரும் ஒரே பெட்டியில் இருக்கும் ஸ்டீரியோ. டிரான்சிஸ்டர் கிடையாது, எல்லாம் கண்ணாடி வால்வுகள். அக்காவின் கணவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்; லாரி ஓட்டியவர். சர்க்கரையால் ஒரு காலை எடுத்த பிறகு நாள் முழுக்க வீட்டில்தான். போனில் பாட்டுக் கேளுங்கள் என்றால், "அது கொசு பாடுற மாதிரி இருக்கு" என்பார். அதனால்தான், ரோசாக் ஆகி, ஓடாமல் கிடந்த பெட்டியை அக்கா ஈப்போவுக்குத் தூக்கி வந்து என்னிடம் கொடுத்தார். ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் சர்க்யூட் போர்டுகளைச் சோதிப்பது என் வேலை.

பழுது வேலையை ஒழுங்காகத்தான் செய்தேன். கசிந்த கெப்பாசிட்டர்களை மாற்றினேன். வால்வு சாக்கெட்டுகளைச் சுத்தம் செய்தேன். கரகரத்த வால்யூம் குமிழுக்குள் கிளீனர் அடித்தேன். மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, இடத்துக்கு இடம் வோல்டேஜ் பார்த்தேன். ஒரு ஞாயிறு மதியம் முகப்பில் பச்சை விளக்கு எரிந்தது. தமிழ்ச் செய்தி வாசிப்பவர் என் அறைக்குள் வந்து உட்கார்ந்ததுபோல் பேசினார்.

அன்றே அக்காவைக் கூப்பிட்டிருக்க வேண்டும். சில நாள் ஓடவிட்டுப் பார்க்கலாம் என்று நினைத்தேன். அது நியாயமான காரணம். பழுது பார்த்ததை ஓடவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். அந்தச் சில நாளும் முடிந்த பிறகு அக்கா போன் செய்தபோது, பார்ட் வரவில்லை என்று வாய் தானாகச் சொன்னது.

"எங்கேருந்துலா வருது? கப்பல்லயா?"

"கூரியர்தான் அக்கா."

"கடைக்காரன் காச வாங்கிட்டு உன்ன தீப்பு பண்றான்லா, ஏமாறாத. அவன் நம்பர் குடு, நான் ஏசுறேன்."

கூசியது. கூசிக்கொண்டே தினமும் வேலை முடிந்து வந்து, சட்டை மாற்றுவதற்கு முன் ஸ்விட்சைத் தட்டினேன். வால்வுகள் சூடாகும்வரை காத்திருப்பதுகூடப் பிடித்திருந்தது. மெஷின் இரைச்சலில் நிற்கிறவளுக்கு இது தேவை என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். அண்ணனை அந்தச் சமாதானத்தில் சேர்க்கவில்லை.

நான் லீவில் இருந்த ஒரு நாள், பாட்டுக்கு நடுவே கேட் ஆடும் சத்தம் கேட்டது. வாசலில் அக்கா. அவருக்குப் பின்னால் காடி நின்றது. முன் சீட்டில் அண்ணன், கண்ணாடியை இறக்கிவிட்டு, கதவில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஆஸ்பத்திரிக்கு வந்தோம், அப்படியே..." என்ற அக்கா நிறுத்திக்கொண்டார். "ஓடுதே."

"டெஸ்ட் பண்றேன் அக்கா."

அவர் செருப்பைக் கழற்றாமல் உள்ளே எட்டிப் பார்த்தார். இரண்டு பக்கமும் ஸ்பீக்கர்கள், நடுவே தரையில் தலையணை, பக்கத்தில் சாப்பிட்ட தட்டு. எதுவும் டெஸ்ட் மாதிரி இல்லை.

"பார்ட் வந்துருச்சாம்மா?" அண்ணன் காடியிலிருந்து கத்தினார்.

"இன்னிக்குத்தான் வந்துச்சாம்ங்க!" என்று அக்கா பதில் கொடுத்தார். குரல் மட்டும் சிரித்தது.

"பழசக் கொண்டா, பாப்போம்," என்றார் அண்ணன்.

எந்த வொர்க்‌ஷாப்பிலும் மாற்றிய சாமானைக் கையில் வாங்கிப் பார்க்காமல் வரமாட்டாராம். கழற்றிய கெப்பாசிட்டர் ஒன்றை எடுத்துப் போய்க் கொடுத்தேன். உள்ளங்கையில் உருட்டி அதைத் திட்டினார். "இத்துனூண்டு இருந்துகிட்டு எங்கள இவ்ளோ நாளு அலைய விட்டியா, சனியனே?"

"அது இல்லண்ணே. நான்தான்."

அவர் சிரித்தார். "வேலைக்குப் போற புள்ள, ஒனக்கு நேரம் ஏது? விடுலா."

அக்கா காடியின் பின்கதவைத் திறந்தார்.

"சூடா இருக்கு அக்கா. ஆறினப்புறந்தான் தூக்கணும். உள்ள வந்து உக்காருங்க."

"ஆறட்டும். நிக்கிறோம்."

நல்ல வெயில். தண்ணீர் கொண்டுவரவா என்று கேட்டேன். அண்ணன் கொண்டுவரச் சொன்னார். அக்கா வேண்டாம் என்றார்.